எந்தக் குலத்தின் தொழில்?

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பிலே நின்று கீழே நோக்குவோர் முதலில் காண்பது ஒரு சக்கரம். மாடி வீட்டளவு உயரம். அதன் சுற்றிலும் வாளிகள். வாளிகளின் உதட்டிலே இரும்புப் பற்கள். சக்கரம் சுழல்கிறது. மண்சுவர் சரிகிறது. சரிந்த மண், கன்வேயர் பெல்ட்டில் ஏறிக் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் பயணம் போகிறது. மண் அகன்ற இடத்திலே, கரும்பழுப்பாய், ஈரம் கசியக் கசியப் படுத்திருக்கிறது நிலக்கரி.

அந்தப் பொறியை ஓட்டுபவர் மேலே ஒரு கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. “ஐயா, இது தங்கள் குலத்தொழிலா? தங்கள் தந்தையார் வாளிச்சக்கரம் ஓட்டினாரா? பாட்டனார் ஓட்டினாரா? மனு வகுத்த தொழிற் பட்டியலிலே இந்தச் சக்கரத்துக்கு எந்தச் சாதியைக் குறித்திருக்கிறார்கள்?”

கேட்டால் அவர் சிரிப்பார். நாமும் சிரிக்கலாம். ஆனால் இதே கேள்வியைச் சிரிப்பில்லாமல், ஆணை மொழியிலே, நாட்டுப்புறத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து ஓர் அரசே கேட்ட ஆண்டு ஒன்று உண்டு. அது 1953.

அந்த ஆண்டையும் இந்தச் சுரங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று பள்ளி வகுப்பறைக்குள் பொறியியலைக் கொண்டு வரவேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சு, வரவேற்கத்தக்க பேச்சு. ஆனால் கையையும் கருவியையும் பள்ளிக்குள் கொண்டு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு, இந்த நாட்டிலே முன்பு எது வந்தது என்பதை அறியாமல் அந்தப் பேச்சில் இறங்கினால், வந்த வழியே திரும்பிப் போய்விடும் அபாயம் உண்டு.

முதலில் சுரங்கத்தின் கதை. 1930களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலிப் பகுதியிலே, ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்துக் கிணற்றில் நீரோடு கருந்துகள்கள் வெளிவருவதைக் கண்டார். பூமாதேவியின் சீற்றம் என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்திவிட்டு அவர் போய்விடவில்லை. என்னவென்று ஆராயும்படி அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். ஆய்வுகள் நடந்தன. 1956 இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 ஆம் நாள் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961 இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தென்பட்டது. 1962 இல், சோவியத்து நாட்டின் துணையோடு எழுந்த அனல் மின் நிலையத்தின் முதல் பொறி, 50 மெகாவாட் திறனுடையது, சுழன்றது. 1970 அளவில் அது 600 மெகாவாட் நிலையமாய் வளர்ந்து நின்றது. உழைத்து ஓய்ந்து, 2020 இல் அது மூடப்பட்டது.

இதற்காக நிலத்தையும் ஊரையும் இழந்த மக்களின் கதை தனிக் கதை. அதை ஒரு வரியில் முடித்துவிட நமக்கு மனமில்லை; வேறொரு முறை எழுதுவோம்.

இங்கே நாம் கருத வேண்டியது வேலையின் தன்மை. மேலே கிடந்த மணற்பாறை, சக்கரத்தின் பற்களைத் தின்றது. பற்களை மீண்டும் மீண்டும் பற்றவைத்து உறுதியாக்க வேண்டியிருந்தது. நிலக்கரிக்குக் கீழே, பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடந்தது. இரவு பகலாய் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு நீர் மேலே வரும். வெல்டர் தேவைப்பட்டார். பிட்டர் தேவைப்பட்டார். மின்பணியாளர், நீரழுத்தத்தைக் கணக்கிடுவோர், டர்பைனின் ஓசையிலே மாறுதலைக் கண்டுபிடிப்போர் தேவைப்பட்டனர். இவர்களுள் எவருக்கும் தந்தை தொழிலாக அது வாய்த்ததில்லை. வாய்க்கவும் முடியாது. தந்தையின் காலத்தில் அந்தத் தொழிலே இல்லை!

இப்போது 1953 க்கு வருவோம்.

அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார். அவர் கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவ்வாண்டு ஜூன் மாதம் நாட்டுப்புறப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பள்ளி நேரம் நாளைக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரண்டு அணிகளாக வருவார்கள். ஓரணி படிக்கையில் மற்றோரணி வீட்டில் இருக்கும். வீட்டிலே என்ன செய்வது? தந்தை செய்யும் தொழிலைக் கற்பது. பெண் பிள்ளையாயின், தாயோடு வீட்டு வேலை. சட்டமன்றத்தைக் கேட்டுச் செய்ததல்ல இது. ஆட்சியாளர் ஆணையிட்டார், ஆசிரியர் மணியடித்தார், பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுத் தகப்பன் பட்டறைக்கு நடந்தான்.

திட்டத்தை ஆதரித்தோர் சொன்ன காரணங்களை நேர்மையாகவே எடுத்து வைப்போம். பணம் இல்லை; ஆசிரியர் போதவில்லை; இரண்டு அணிகளாகப் பிரித்தால் இருக்கும் கட்டடத்திலேயே இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றார்கள். ஏட்டுக் கல்வி மட்டும் கற்றவன் உழைப்பை இகழ்கிறான். கைத்தொழிலும் கற்றால் உழைப்பை மதிப்பான் என்றார்கள். பெற்றோருக்குக் கைத்தொழில் ஏதும் இல்லையெனில் ஊரிலுள்ள வேறு தொழிலாளரிடம் பிள்ளையை அனுப்பலாம் என்றும் திட்டத்தில் இடம் வைத்திருந்தார்கள்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் 1953 ஆம் ஆண்டின் சிற்றூரை நினைத்துப் பாருங்கள். சேரியிலிருந்து வரும் சிறுவனைத் தன் பட்டறைத் திண்ணையில் ஏற்றி உட்காரவைத்து உளியைக் கையிலே கொடுத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அக்கிரகாரத்துப் பிள்ளையைச் சலவைத் துறைக்குத் தொழில் பழக அனுப்பிவைக்கும் தந்தை எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு மீதி நேரத்தில் வீட்டிலே புத்தகம் காத்திருந்தது. செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளைக்குத் தோல் காத்திருந்தது. உழைப்பை மதிக்கக் கற்க வேண்டியவன் எவனோ அவன் தப்பித்துக்கொண்டான். தலைமுறை தலைமுறையாய் உழைத்து ஓடானவன் வீட்டுப் பிள்ளைக்கு உழைப்பின் பெருமையைப் பற்றிப் பாடம்!

இனி ஒரு சிறு கணக்கு. 1953 இல் விருத்தாசலம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே பத்து வயதுச் சிறுவன் இருந்தான் என்று கொள்வோம். 1962 இல் நெய்வேலியின் முதல் மின்பொறி சுழன்றபோது அவனுக்கு வயது பத்தொன்பது. அந்த ஒன்பது ஆண்டுகளை அவன் எங்கே கழித்திருக்க வேண்டும்? திட்டம் நிலைத்திருந்தால், வாசிப்பும் கணக்கும் அரைகுறையாய் நிற்க, தந்தையின் கலப்பைக்கோ தறிக்கோ பழக்கப்பட்டு நின்றிருப்பான். ஐந்து கல் தொலைவிலே, பிறப்பைக் கேட்காத பொறி ஒன்று ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கும். அந்தப் பொறிக்கு அளவுகோல் படிக்கத் தெரிந்தவன் வேண்டும். பின்னக் கணக்குப் போடத் தெரிந்தவன் வேண்டும். வரைபடத்தைப் பார்த்து உறுப்பை அடையாளம் காண்பவன் வேண்டும். அவனோ வாயிலுக்கு வெளியே கூடை சுமக்கும் வேலைக்கு நின்றிருப்பான்.

தந்தையிடம் கற்கும் தொழில் தாழ்ந்ததா என்று சிலர் கேட்பர். தாழ்ந்ததென்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. பழுக்கக் காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்டே அதை நீரில் தோய்க்கும் நேரத்தை அறிகிறார் கொல்லர். அது அறிவுதான். ஆனால் அந்த நிறம் ஏன் அப்படி மாறுகிறது, தோய்த்ததும் இரும்பின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று அறியும் வாய்ப்பை அவருக்கு யார் கொடுத்தார்கள்? உலைக்களத்தில் நின்றவனுக்கு ஏட்டை மறுத்தது இந்தச் சமூகம்; ஏட்டை வைத்துக்கொண்டவன் உலைக்களத்தை எட்டிப் பார்க்கவில்லை. எப்படிச் செய்வது என்பது ஒரு தெருவிலும், ஏன் அப்படி என்பது மற்றொரு தெருவிலும் குடியிருந்தன. இரண்டு தெருக்களுக்கும் இடையே போக்குவரத்து இல்லை.

விளைவு என்ன? காவிரியில் கல்லணை நிற்கிறது. 1830களில் காவிரி, கொள்ளிட வேலைகளில் இறங்கிய ஆர்தர் காட்டன், ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் போடும் முறையை இந்த மண்ணின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்தே கற்றோம் என்று ஒளிவு மறைவின்றி எழுதினார். பொறியியல் கற்ற வெள்ளையர் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருக்கிறது, அவர் போட்ட கணக்கு எங்கே? அந்தக் கல்லை அந்த உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள் என்று இன்றும் ஆளுக்கொரு ஊகம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிற்ப நூல்கள் உண்டே என்பர். உண்டு, குடும்பத்துக்குள் பூட்டி வைப்பதற்கு உண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு அல்ல.

நம் நாட்டிலே பொறியியல் பள்ளி முதன்முதலில் எப்படித் தோன்றிற்று என்பதும் இந்த இடத்திலே நினைக்கத் தக்கது. இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரியாக விளங்குவது, 1794 இல் சென்னைக் கோட்டையின் அருகே எட்டு மாணவர்களோடு, மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளரின் பொறுப்பிலே, நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. மாணவர்கள் யார்? ஆதரவற்றோர் விடுதியிலிருந்து எடுக்கப்பட்ட சிறுவர்கள். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து, தந்தையை இழந்தும் தந்தையால் விடப்பட்டும் நின்ற பிள்ளைகள். கும்பினியார் கருணையால் செய்ததல்ல. நிலத்தை அளக்க மலிவாக ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தந்தை தொழில் எது என்று சொல்லத் தந்தையே இல்லாத சிறுவர்களைக் கொண்டுதான் இம்மண்ணின் முதல் பொறியியல் வகுப்பு நடந்தது! சங்கிலியை இழுத்தார்கள், கோணத்தை அளந்தார்கள், கணக்கைப் போட்டார்கள், படத்தை வரைந்தார்கள். கையும் ஏடும் ஒரே பிள்ளையிடம் கூடின. ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு வர நெடுங்காலம் ஆயிற்று. 1859 இல் அது கல்லூரியானபோது நுழைவதற்கு ஆங்கிலமும் கணக்கும் வேண்டும். அவை எந்தத் தெருவில் இருந்தன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

உலகின் வேறு பகுதிகள் அந்த நூற்றாண்டில் என்ன செய்துகொண்டிருந்தன? 1866 இல் பின்லாந்து நாடு, ஊனோ சிக்னேயசு என்ற கல்வியாளரின் முயற்சியால், நாட்டுப்புறப் பள்ளிகளில் கைவினையைப் பாடமாக்கியது. பக்கத்துச் சுவீடனிலே ஆட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்னும் இடத்தில் ஆசிரியர்களுக்கு இந்தப் பாடத்தில் பயிற்சி கொடுத்தார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே சென்று கற்றார்கள். சுலோய்டு என்று அதற்குப் பெயர். பிள்ளைகளைத் தச்சராக்குவதற்காக அல்ல அந்தப் பாடம். தச்சனாகப் போகாத பிள்ளையும் மரத்தை அறிய வேண்டும், அளவை அறிய வேண்டும், தொடங்கியதை முடிக்க அறிய வேண்டும் என்பதற்காக. (அங்கும் ஆணுக்கு உளி, பெண்ணுக்கு ஊசி என்ற வேற்றுமை நெடுநாள் நீடித்தது. குறையைக் குறை என்றே சொல்வோம்.)

இதைவிடப் பெரிய மாறுதல் மாஸ்கோவில் நிகழ்ந்தது. அங்கே தொழில்நுட்பப் பள்ளியின் தலைவராயிருந்த விக்டர் டெல்லா வாஸ் 1868 அளவில் ஒரு புதுமுறை வகுத்தார். தச்சு வேலை என்பது என்ன? அறுப்பது, இழைப்பது, துளைப்பது, பொருத்துவது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பயிற்சியாகப் பிரிப்போம். எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்துவோம். கணக்கையும் இலக்கணத்தையும் போல ஒரே வகுப்பில் பலருக்கும் ஒரே நேரத்தில் கற்பிப்போம். இதுதான் அவர் முறை. 1876 இல் பிலடெல்பியா கண்காட்சியில் இம்முறை வைக்கப்பட்டது. கண்ட அமெரிக்கர் வியந்தனர். 1880 இல் செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்டு, இளைஞர்களுக்கு ஒரு கைப்பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். காலையில் கணக்கும் மொழியும், பின்னர் பட்டறை. ஒரே பள்ளி, ஒரே மாணவன்.

இந்த நிகழ்ச்சியின் பொருள் என்ன என்பதை நம் நாட்டிலிருந்து பார்ப்பவனே நன்றாக உணர்வான். அதுவரை தொழில் என்பது ஆசானின் உடலோடு ஒட்டிக்கிடந்தது. பல ஆண்டுகள் அவர் காலடியில் இருந்தால் ஒழிய வராது. டெல்லா வாஸ் அதைப் பிரித்தெடுத்தார். பிரித்தெடுத்துப் பலகையில் எழுதினார். எழுதிய பிறகு அது எவனுக்கும் உரியது. தந்தையும் வேண்டாம், குலமும் வேண்டாம். வகுப்பறையும் கருவியும் ஆசிரியரும் போதும். 1868 இல் மாஸ்கோவிலே தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட தொழிலை, எண்பத்தைந்து ஆண்டு கழித்துச் சென்னையிலே மீண்டும் தந்தையிடம் கொண்டுபோய் ஒட்டவைக்க முயன்றார்கள்!

இடையிலே வார்தா திட்டம் ஒன்று வந்ததே என்று கேட்கலாம். 1937 இல் காந்தியார் முன்வைத்து, சாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வி. ஆச்சாரியார் திட்டத்தையும் இதையும் ஒன்றாகக் கட்டிவிடுவது நியாயமல்ல. வார்தா முறையில் தொழில் பள்ளிக்குள்ளே நடந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொழில். தந்தை யார் என்ற கேள்வி இல்லை. அந்த அளவுக்கு அது மேலானதே. ஆனால் அது தக்ளியோடு நின்றுவிட்டது. உலகம் மோட்டாரைச் சுற்றிக்கொண்டிருந்த நாளில் நம் பிள்ளைகள் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த 1937 ஆம் ஆண்டிலேதான் கோவையில் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்நாட்டிலேயே செய்த மின்மோட்டாரை உருவாக்கினார். நாயுடுவின் வாழ்க்கை எல்லோரும் அறிந்ததுதான். உழவர் வீட்டுப் பிள்ளை. பள்ளி அவரைப் பிடித்து வைக்கவில்லை. வெள்ளை அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியிலே வேலை செய்து பணம் சேர்த்து, அதுபோல் ஒன்றை வாங்கி, ஓட்டுவதற்கு முன் கழற்றிப் பார்த்தவர். பள்ளிப் படிப்பு வேண்டாம் என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. நாம் வேறு விதமாகக் கேட்கிறோம்: கழற்றிப் பார்க்க ஒன்றுமே இல்லாத பள்ளியிலே அந்தப் பிள்ளை எதற்காக உட்கார்ந்திருப்பான்? அவரைத் தந்தை தொழிலுக்கு அனுப்பியிருந்தால் கோவைக்கு ஓர் உழவர் கூடியிருப்பார், மோட்டார் கிடைத்திருக்குமா?

1953 இன் திட்டம் எப்படி வீழ்ந்தது என்பதை நம் இளைஞர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுக் கதை போல் அறிவார்கள். ஜூலையில் தி.மு.கழகத்தின் மும்முனைப் போராட்டம், அதில் ஒரு முனை இந்தக் கல்வித் திட்டம், ஈ. வெ. கி. சம்பத் தலைமையில் முதலமைச்சர் வீட்டின் முன் மறியல். சட்டமன்றத்திலே ஆளுங்கட்சியே இரண்டுபட்டது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் விட வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. பருலேகர் தலைமையில் குழு அமைந்தது; திட்டத்தின் அடிப்படையை ஒப்புக்கொண்டே அது அறிக்கையும் தந்தது! வல்லுநர் ஒப்பினர், மக்கள் ஒப்பவில்லை. பெரியார் ஊர் ஊராகச் சென்று, இது குலக்கல்வித் திட்டம் என்று ஒரே சொல்லில் அதன் தோலை உரித்துக் காட்டினார். அந்தச் சொல் நிலைத்துவிட்டது. அரசு வைத்த பெயர் எவருக்கும் நினைவில் இல்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார். பின்னர் மதிய உணவு வந்தது, சீருடை வந்தது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வந்தன, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்தினார். முழுநாள் பள்ளியில் படித்த பிள்ளைகளின் காலத்திலேதான் நெய்வேலியின் பொறிகள் ஒவ்வொன்றாய்ச் சுழலத் தொடங்கின.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனிச் சொல்லப்போவது கசக்கும். நம்மவர் சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம்.

குலக்கல்வியை விரட்டினோம். விரட்டியது முற்றிலும் சரி. ஆனால் விரட்டிய இடத்தில் எதை வைத்தோம்? குலத்தை விரட்டிய வேகத்தில், கையையும் சேர்த்தே பள்ளியிலிருந்து விரட்டிவிட்டோமா இல்லையா? தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே, அதோ பழைய பேய் வருகிறது என்று அஞ்சி, நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் புத்தகமே என்று முடிவு கட்டினோம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் பின்வந்த ஆண்டுகளைப் பாருங்கள். கோத்தாரிக் குழு 1966 இல் தந்த அறிக்கையிலே, எல்லா மாணவர்க்கும் வேலை அனுபவம் வேண்டும் என்றது. நடைமுறையில் அது அட்டையை வெட்டிப் பூ ஒட்டுவதாகச் சுருங்கிற்று. 1978 இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கும் இடமாக அதை நாமே ஆக்கினோம். கணக்கில் தேறியவன் கருவியைத் தொடமாட்டான். கருவியைத் தொட்டவன் கணக்கில் தேறாதவன். பழைய இரண்டு தெருக்கள், பள்ளிக்குள்ளேயே இரண்டு வகுப்பறைகளாக எழுந்தன!

மற்றொரு பக்கம், பொறியியல் கல்லூரியின் கதவு அகலத் திறந்தது. 1984 முதல் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. நுழைவுத் தேர்வு என்ற தடை 2007 இல் நீங்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021 இல் வந்தது. இவை சிறிய வெற்றிகள் அல்ல. ஆனால் அந்தக் கதவுக்குள் நுழையும் நம் பிள்ளை, ஒரு திருகாணியைத் தன் கையால் முடுக்கி, ஒரு மின்சுற்றைத் தானே அமைத்து, அது வேலை செய்யாமல் போய், ஏன் என்று தேடிப் பார்த்தவனாக நுழைகிறானா? பதினேழு வயது வரை பொறியைப் படத்தில் பார்த்துவிட்டு, பதினெட்டாம் வயதில் பொறியாளனாகப் பெயரெழுதிக் கொள்கிறான். நகரத்திலே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரோபோ செய்யும் பெட்டி பிறந்தநாள் பரிசாக வருகிறது. பழைய கணக்கு இப்படித்தான் புதிய உடையில் திரும்புகிறது.

அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் மாநிலம் 2001 இல் தொடக்க வகுப்பு முதற்கொண்டு பொறியியலைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2013 இல் அந்நாட்டின் பல மாநிலங்கள் கூடி வகுத்த அறிவியல் பாட நெறிகளிலும் மழலை வகுப்பிலிருந்தே பொறியியல் சிந்தனை இடம்பெற்றது. அங்கே பொறியியல் என்பதற்கு என்ன பொருள் கொள்கிறார்கள்? ஒரு தேவையைக் கண்டறிதல், அதற்கு ஒரு வழியை வரைதல், செய்து பார்த்தல், தோற்றல், தோற்ற காரணத்தை அளந்து அறிதல், மாற்றிச் செய்தல். குலக்கல்விக்கு நேர் எதிரான கல்வி இது. குலக்கல்வி, முன்னோர் செய்ததை மாற்றாமல் செய் என்கிறது. பொறியியல், செய்ததை மாற்று என்கிறது.

இங்கே 2020 இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றாரிடம் பிள்ளைகள் பழகட்டும் என்கிறது. படித்தவுடனே நமக்கு 1953 நினைவுக்கு வந்தது, வராமல் இருக்குமா? தந்தையிடம் போ என்று அதில் எழுதவில்லை என்பது உண்மை. ஆனாலும், எந்தப் பிள்ளை எந்தத் திண்ணைக்குப் போகும் என்பதை ஊர்தானே முடிவு செய்யும்? 2023 இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தில், பரம்பரையாகக் குடும்பம் செய்துவரும் தொழில் என்ற நிபந்தனை இருந்தது. அதனை நீக்க வேண்டும் என்று கேட்டு, அந்த வடிவிலே ஏற்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024 இல் தெரிவித்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையின்றிக் கலைஞர் கைவினைத் திட்டம் இங்கே வந்தது. விழிப்போடிருந்தது சரியே. அதேவேளையில், 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆய்வுக் கருவிகளைத் தேடிக் கொண்டுவந்து, பிள்ளைகளே செய்துபார்க்கும்படி வைக்கிறது. மறுப்பதோடு நில்லாமல் மாற்றையும் வைக்கும் இம்முயற்சியை நாம் மிகவும் மதிக்கிறோம். ஆனால் கருவி வந்து போகும் நாட்களுக்கு இடையிலுள்ள நாட்களில் வகுப்பறையில் என்ன நடக்கிறது? அந்தக் கேள்வி ஆசிரியராகிய நம்மைப் பார்த்து நிற்கிறது.

நாம் கலைப் பட்டதாரி, வரலாறு கற்பிப்பவர், பொறியியல் அறியோம். ஆயினும் நெய்வேலியைப் பற்றிப் பாடம் நடத்துகையில், சுரங்கத்தை நாமே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. எட்டாம் வகுப்பு. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்திலே பெற்றோர் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பாராமல், வருகைப் பதிவின் எண் வரிசையிலே பிரித்தோம். கூட்டுவதும் துடைப்பதும் பெண் பிள்ளைகளுக்கு என்று சிறுவர்கள் தாங்களே ஒதுங்கினார்கள். அதையும் எண் வரிசைக்கே விட்டோம். ஆதிதிராவிடர் பிள்ளைகளைக் கழிவறை கழுவச் சொன்ன செய்திகளை இந்நாளிலும் படிக்கிறோம் அல்லவா? பள்ளியிலே கைவேலை என்று பேசத் தொடங்குவோர் துடைப்பம் யார் கையில் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியிலே ஓட்டை, ஓட்டையிலிருந்து குழாய், குழாயின் மறுமுனை மேசைமேல் உயரத்தில் வைத்த தண்ணீர்ப் புட்டியில். தொட்டிக்குள் அடியிலே மணல், மேலே அழுத்திப் பூசிய களிமண். மணலிலே நீர் நிறைந்து, களிமண்ணைக் கீழிருந்து முட்டிக்கொண்டு நிற்கும். களிமண்ணைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். அதுதான் சுரங்கம் வெட்டுவது. பாதி சுரண்டும்வரை ஒன்றுமில்லை. மெலிந்ததும் களிமண் உப்பிற்று, வெடித்தது, நீர் பீறிட்டது. வகுப்பே கூவிற்று. ஒழுகாமல் சுரண்டுவது எப்படி என்பதே கேள்வி.

களிமண்ணைக் கெட்டியாக்கலாம் என்றான் ஒருவன். செய்து பார்த்தார்கள், வெடிக்கும் நேரம் தள்ளிப்போயிற்று, வெடிக்காமல் இல்லை. புட்டியைக் கீழே இறக்கிவிடலாம் என்றாள் ஒருத்தி. பூமிக்குள் இருக்கும் நீரை இறக்கிவைக்க முடியுமா என்று அடுத்த குழு மடக்கியது. கடைசியிலே ஒரு பெண், சுரண்டும் இடத்தைச் சுற்றி நான்கு உறிஞ்சுகுழல்களைக் களிமண்ணுக்குள் மணல்வரை செலுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும்படி தோழிகளை நிறுத்திவிட்டு, நடுவில் சுரண்டினாள். களிமண் உப்பவில்லை. மணல் தெரியும்வரை சுரண்டினாள்; ஈரம் மட்டும் கசிந்தது. இரண்டு கல் தொலைவிலே உண்மைச் சுரங்கத்தைச் சுற்றி நீர் இறைக்கும் குழாய்க்கிணறுகள் இரவு பகலாய் ஓடிக்கொண்டிருப்பது இதற்காகத்தான் என்பதை நாம் சொல்வதற்கு முன்பே இன்னொரு குழு சொல்லிவிட்டது.

அந்தப் பெண்ணின் குறிப்பேட்டை மாலையில் திருத்துவதற்கு எடுத்தோம். தொட்டியின் படம் வரைந்து, குழல்களின் இடத்தைக் குறித்திருந்தாள். கீழே, “ஒருத்தி கை வலித்துச் சிரிஞ்சை நிறுத்தியவுடன் அந்தப் பக்கம் உப்பியது. நான்கு குழல் வேண்டுமா, மூன்று போதுமா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை மூன்று வைத்துப் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் போடும் இடத்தை வெறுமையாக விட்டு, வியாழக்கிழமைக்குக் களிமண் கொண்டுவர வேண்டிய எண்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு வந்தோம்.